தையற்காரி காணாது விட்ட காட்சி

வாய்மை, காப்பதற்கு எளிய அறம் போலத் தோன்றும். ஈகைக்குப் பொருள் வேண்டும். வீரத்திற்குப் பகைவன் வேண்டும். வாய்மைக்கோ ஒரு நாவும் கேட்பவர் ஒருவரும் இருந்தாற் போதும். ஆயினும் அவ்வறத்தை நெடுங்காலம் காத்து வருபவர்க்கு ஓர் இடர் உண்டு. ஆண்டுக்காண்டு அவர் சொல்லுக்கு நிறை கூடிக்கொண்டே போகும். அந்த நிறையோடு அவர் ஒரே ஒரு முறை பொய்யொன்றைச் சொல்லிவிட்டால், அதனைப் பொய்யென்று எவரும் ஐயுறார். கேட்டவன் அதனை மெய்யென்றே சுமந்து வாழ்ந்துவிடுவான்.

இலங்கையில் மட்டக்களப்பை அடுத்த தன்னாமுனையில் வாழும் தையற்காரி செசீலியா அத்தகைய சொல்லுடையவர். வயது அறுபத்திரண்டு. கணவர் நோபேட் வாவியில் இறால் பிடித்தவர். காய்ச்சலில் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மகள் மேர்லின் பாலர் பாடசாலையில் கற்பிக்கிறாள், தாயுடனேயே இருக்கிறாள். மூத்தவன் அன்ரோ சென்னையில். முதல் நன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கும் சிறுமியரின் வெள்ளைச் சட்டைகள் முதல் மணமகளின் உடுப்பு வரை செசீலியாவின் மெசினில் ஓடாத தையல் இல்லை. ஏறாவூரிலிருந்து முஸ்லிம் பெண்களும் அவரைத் தேடி வருவர். அவர் கைத்திறத்திற்காக வருவோர், அவர் வாய்க்கும் அஞ்சியே வருவர்.

இவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறாவூர் ஸாலிஹா பச்சைப் பட்டுத் துணியொன்றைக் கொண்டுவந்து, அதனைத் தோளில் விரித்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடிகா இரிக்கு? மகள்ற கலியாணத்துக்கு. இடுப்பில நல்லாச் சுருக்கு வெச்சுத் தைக்கணும்."

"துணி நல்லம். சுருக்கு வெச்சா மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பந்தல் எண்டு நினைச்சு உள்ளுக்குள்ள வந்து இருப்பாங்க."

"ஒரு பொய்யாவது சொல்லித் தொலையன்கா. எண்ட ஊட்டுக் கண்ணாடிக்கு உன்னைவிட இரக்கம் கூட."

"அப்ப கண்ணாடிட்டக் குடுத்துத் தைச்சு வாங்கு."

ஸாலிஹா சிரித்துக்கொண்டே சுருக்கில்லாத சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். செசீலியா சொன்னால் அது அவ்வளவே. ஊர் அவ்வாறு பழகியிருந்தது. அவர் வயிற்றுப் பிள்ளையும் அவ்வாறே பழகியிருந்தான்.

ஈராயிரத்து ஏழாம் ஆண்டின் தவக்காலத்தில், ஊர்க் கோவிலில் பாஸ்கு நடத்துவதென்று முடிவாயிற்று. ஆண்டவரின் பாடுகளை இளைஞர் நடித்துக் காட்டும் நாடகம் அது. உரோமைப் படைவீரரின் மேலங்கிகளைத் தைக்கும் பொறுப்பு செசீலியாவுக்கு. அளவெடுக்க ஒத்திகைக்குப் போனார். பதினேழு வயது அன்ரோ நூற்றுவர் தலைவனாக நின்றான். சிலுவைக் காட்சியில் அவனுக்குப் பேச்சில்லை. நிமிர்ந்து பார்த்து, தகரத் தலைக்கவசத்தை மெல்லக் கழற்றி நெஞ்சோடு அணைக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் அதனைச் செய்தபோது மண்டபத்தில் விளக்குமாறு பிடித்துக்கொண்டிருந்த பெண்ணும் அசையாது நின்றாள். செசீலியா அளவுநாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, யாருடைய தோளை அளக்க வந்தோம் என்பதை மறந்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

அந்தப் பொழுதுதான் அவரை அச்சுறுத்தியது. யாருடையவை என்று கேட்க இயலாத வாகனங்கள் மாலையில் வீதிகளில் ஊர்ந்து, கண்ணிற்பட்ட பிள்ளைகளை ஏற்றிச் சென்ற போர்க்காலம் அது. ஒத்திகையோ ஒவ்வொரு நாளும் இருட்டிய பின்னரே முடிந்தது. போகாதே என்றால் அன்ரோ கேட்கமாட்டான். நண்பர்களுக்கு முன் கோழையாக நிற்க எந்தப் பிள்ளை உடன்படும்? ஆகவே வீட்டுக்கு வந்ததும் தாய் வேறொன்றைச் சொன்னார்.

"மகன், உனக்கு நடிப்பு வராது. மரம் மாதிரி நிக்கிறாய். ஆக்கள் சிரிப்பாங்க. விட்டுரு."

அன்ரோ முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். நீர் சொட்டச் சொட்டத் திரும்பினான்.

"மெய்யாவாம்மா?"

"நான் எப்பவாவது பொய் சொல்லியிருக்கனா?"

மறுநாள் தலைக்கவசத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். அடுத்த வாரம் ஒத்திகை முடிந்து திரும்பிய இரு பிள்ளைகளை வாகனமொன்று ஏற்றிச் சென்றது. ஒருவன் சில மாதங்களில் மீண்டான். டிலுக்ஷன் என்ற மற்றவன் இன்றுவரை மீளவில்லை. பாஸ்கு அவ்வாண்டு நடைபெறவேயில்லை.

ஆகவே அந்தப் பொய் மகனைக் காத்தது என்று சொல்வோர் சொல்லலாம். செசீலியா அவ்வாறு சொல்லிக்கொண்டதில்லை. ஆபத்து நீங்கிய பின் திருத்தியிருக்க வேண்டும், திருத்தவில்லை. ஆனி மாதம் அன்ரோ தாய்மாமனோடு இந்தியாவுக்குப் போனான். அந்நாட்களின் தொலைபேசியில் உடல்நலம் கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும். பின்னர் நேரம் கிடைத்தபோது துணிவு கிடைக்கவில்லை. ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். குருவானவர், "என்னிடம் சொன்னது போதும், அவனிடம் சொல்லுங்கள்" என்றார். சொல்லாமலே ஆண்டுகள் பதினெட்டு ஆயின.

சென்னையில் அன்ரோவுக்குச் சோறிட்டது தாயிடம் கற்ற தையல். திரைப்படங்களுக்கு உடுப்புத் தைக்கும் கூடமொன்றில் சேர்ந்தான். படப்பிடிப்புகளுக்கு ஊசி நூலோடு போவான், கிழிந்ததைத் தைப்பான், நடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்பான். அவ்வளவில் முப்பத்தைந்து வயதாயிற்று.

இவ்வாண்டு ஒருநாள் மாலை அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, சிரிக்கக் கூடாது. நான் தைச்ச உடுப்பை நானே போட்டு நடிச்சிரிக்கன்."

"ஆர் உன்னை நடிக்கச் சொன்னது?"

"டைரக்டர். பட்டாளத்துப் படம். எல்லாம் மெய்யா நடந்த மாதிரியே இருக்கோணும் எண்டு நிக்கிற மனுசன். ஷெல் விழுற இடத்தில ஆக்கள் கையக் கால விரிச்சு, கூத்து மாதிரி விழுந்தாங்க. எனக்கு வாய் சும்மா இருக்குதா? இப்பிடி விழமாட்டாங்க சேர் எண்டன். அப்ப நீ விழு பாப்பம் எண்டார்."

"விழுந்தியா?"

"விழுந்தன். அந்த இடத்துக்கு என்னையே போட்டுட்டார். இருபது செக்கன். ஒரு வசனமும் இருக்கு. இப்ப அடுத்த படத்தில பெரிய வேஷம் தாறன் எண்டு நிக்கிறார். இந்த ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயிறுக்குள்ள முடிவு சொல்லோணும்."

"நீ என்ன சொன்னாய்?"

"ஒண்டும் சொல்லல்ல. படம் மட்டக்களப்புக்கும் வருகுதாம். நீங்க போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க. நல்லம் எண்டாப் போவன். இல்லையெண்டாப் பழையபடி மெசின்தான்."

"மேர்லினும் பாப்பாள்தானே. அவளையும் கேள்."

"அவள் கருகின பிட்டையும் நல்லம் எண்டுவாள். இங்க இருக்கிறவங்களும் அப்பிடித்தான். நீங்க ஒராள்தானே பொய் சொல்லமாட்டீங்க."

செசீலியா போனை வைத்தபின் நெடுநேரம் மெசினை மிதிக்கவில்லை.

படம் வெள்ளிக்கிழமை நகரத்துக்கு வந்தது. அந்த வார ஞாயிறன்று முதல் நன்மை. பதினொரு வெள்ளைச் சட்டைகள் முடிய வேண்டியிருந்தன. அதன்பின் ஸாலிஹாவின் வீட்டுக் கலியாண உடுப்புகள். வாக்களித்த நாளில் உடுப்பைக் கொடாதிருப்பதும் பொய்யே என்பது அவர் கொள்கை. எல்லாம் கொடுத்து முடிந்து, வியாழக்கிழமை பிற்பகற் காட்சிக்குத்தான் தாயும் மகளும் பஸ் ஏறினர். மறுநாள் அந்தத் தியேட்டரில் வேறு படம்.

படமாளிகைக்குச் செசீலியா போய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. நாற்காலியின் மெத்தை கிழிந்திருப்பதைக் கண்டு, "ரெண்டு தையல் போட்டா முடிஞ்சுது" என்றார். படம் தொடங்கியது. அவர் அறிந்த படங்களைப் போன்றதன்று அது. துப்பாக்கிகள் பாட்டுக்கு ஏற்ப வெடிக்கவில்லை. அடிபட்டவன் தாய்நாட்டைப் பற்றிப் பேசாது தண்ணீர் கேட்டு முனகினான். வீரர் எவரும் அழகாயில்லை. சேறும் மூக்குச்சளியுமாய்க் கிடந்தனர். செசீலியாவோ சீருடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழங்காலுக்கு ரெட்டைத் தையல் போட்டிரிக்கான். என்ட கை," என்றார் மகளின் காதில்.

"படத்தைப் பாருங்க அம்மா."

"அதைத்தானே பாக்கிறன்."

இடைவேளைக்குப் பிறகு ஒரு பாலத்தடியில் தன் காட்சி வரும் என்று அன்ரோ சொல்லியிருந்தான். இடைவேளை முடிந்தது. செசீலியா மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு முன்னே சாய்ந்தார். திரையிலே ஆற்றங்கரை, கல்லாலான பழைய பாலம். வீரர் வரிசையாக வந்தனர். எவன் அன்ரோ என்று அவர் ஒவ்வொரு தலையாகத் தேடினார். பேச்சில்லை. நீரோட்டம் மட்டும் கேட்டது.

அப்போது, மிகத் தொலைவில், போத்தலின் அடைப்பைத் திறந்தாற் போல் ஒரு சிற்றொலி எழுந்தது.

மண்டபத்திலிருந்த இளையோர் அதனைக் கேட்டும் கேளாதவராய்க் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தனர். ஷெல் என்னும் எறிகணை வெடிப்பதற்கு முன், அது புறப்படும் ஒலி அப்படித்தான் இருக்கும் என்பதை அறிய, அதன்கீழ் வாழ்ந்திருக்க வேண்டும். அறிந்தவரின் உடல் அறிவுக்குக் காத்திருப்பதில்லை. முன்வரிசைகளில் நரைத்த தலைகள் இரண்டு மூன்று அக்கணமே தாழ்ந்தன. செசீலியா நாற்காலிகளின் இடையே தரையில் கிடந்தார். இரு காதுகளிலும் விரல். வாய் திறந்தபடி. நெஞ்சு நிலத்திற்படாதவாறு முழங்கைகளை ஊன்றியிருந்தார். தொண்ணூறுகளில் மகனுக்கும் மகளுக்கும் அவரே பயிற்றிய முறை அது. அதிர்ச்சி செவிப்பறையையும் நெஞ்சையும் தாக்காதிருக்க. தரை நடுங்கியது. கச்சான் கோதுகள் முழங்கையிற் குத்தின. அவர் கண்ணை மூடி மரியன்னையை அழைத்துக்கொண்டிருந்தார்.

தாம் எங்கே கிடக்கிறோம் என்பது சிறிது பின்னரே விளங்கியது. விளங்கியதும் எழ முயன்றார். முழங்கால் மடங்க மறுத்தது. பின்வரிசை இளைஞனொருவன் போனின் வெளிச்சத்தைக் கீழே பிடித்தான்.

"என்ன அன்ரி, என்ன விழுந்தது? தோடா?"

"ஒண்டும் விழல்ல தம்பி. ஷெல்லுக்குப் படுத்தன்."

அவன் சிரிக்க வாயெடுத்து, சிரியாமல் வெளிச்சத்தை அணைத்தான். நாற்காலியைப் பற்றிக்கொண்டு அவர் எழுந்து திரையைப் பார்த்தபோது அங்கே மலையொன்று இருந்தது. மேலே ஹெலிகொப்டர் பறந்துகொண்டிருந்தது. மேர்லின் கன்னம் நனைய இருந்தாள்.

"பாத்தீங்களாம்மா, அண்ணனை?"

"எங்க?"

மேர்லின் திரும்பினாள். தாயின் சேலையில் ஒட்டியிருந்த தூசியை அப்போதுதான் கண்டாள்.

"போச்சும்மா. அண்ணன்ட இடம் போச்சு."

திரும்பி வரும் பஸ்சில் மேர்லின் கண்டதைச் சொன்னாள். சிற்றொலி கேட்டதும் எல்லாரும் அண்ணாந்து பார்க்க, அன்ரோ மட்டும் விழுந்தான். காதைப் பொத்தி, வாயைத் திறந்து, முழங்கையை ஊன்றிக் கிடந்தான். புகை அடங்கியதும் பக்கத்தில் கிடந்தவனைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொன்னான். அவன் திரையிற் கிடந்த அதே நேரம், அதே கோலத்தில், தாய் நாற்காலிக்கு அடியில் கிடந்தார். அவன் குரலைக் கேளாதவாறு தம் விரலால் தாமே செவியை அடைத்திருந்தார்.

"நான் பாத்ததை அப்பிடியே அண்ணன்ட்டச் சொல்லுங்க. அது மெய்தானே."

"நீ கண்டதுக்கு நான் எப்பிடிச் சாட்சி சொல்லுறது, புள்ள?"

"அவன் காத்துக்கொண்டிருக்கான் அம்மா. ஒரு சொல்தான்."

அந்தத் தவக்காலத்தில் செசீலியா சொன்னதும் ஒரு சொல்தான்.

வீட்டு விளக்கைப் போடுவதற்குள் அழைப்பு வந்தது.

"பாத்தீங்களா?"

"போனன் மகன். உன்னைப் பாக்கல்ல." நடந்ததை ஒன்றும் மறையாமற் சொன்னார்.

அவன் சிரித்தான். "நானும் அப்பிடித்தானே கிடந்தன். சரி, விடுங்க. படம் போனில வர ஒரு மாசமாவது ஆகும். ஞாயிறுக்கு என்ன சொல்லுறது எண்டுதான்."

"ஓம் எண்டு சொல்லு."

"பாக்காம எப்பிடிச் சொல்லுறீங்க?"

"முந்திப் பாத்தனே. கோயில் மண்டபத்தில. நீ தலைக்கவசத்தைக் கழட்டினாய். நான் அழுதன் மனே. அப்பிடி ஒராள் நடிச்சு நான் கண்டதில்ல. வீட்ட வந்து உனக்குப் பொய் சொன்னன். இருட்டில நீ வீதியால வந்துபோறது எனக்குப் பயம். வேற வழி தெரியல்ல."

மறுமுனையில் எங்கோ ஒரு மெசின் ஓடும் ஓசை மட்டும் வந்தது.

"நீங்க பொய் சொல்லமாட்டீங்களே அம்மா."

"ஒருக்காச் சொன்னன்."

"எனக்கு ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல்ல?"

"வெக்கம், மகன்."

"அப்ப இப்ப சொல்லுறது? நான் ஓம் எண்டு சொல்லோணும் எண்டு சொல்லுறீங்களா, மெய்யாச் சொல்லுறீங்களா? நான் எப்பிடிப் பிரிச்சுப் பாக்கிறது?"

வாழ்நாள் முழுதும் கேளாமலே நம்பப்பட்டவர்க்குத் தம் சொல்லை மெய்ப்பிக்கும் வழி தெரிந்திருக்கவில்லை. "வைக்கிறன் அம்மா" என்று அவன் மெல்லச் சொன்னான்.

ஞாயிறு கழிந்தது. திங்கள் மாலை மீண்டும் அழைத்தான்.

"ஏலா எண்டு சொல்லிட்டன். வேற ஆளை எடுத்துட்டாங்க."

"என்னாலயா?"

"தெரியா. கோவம் எண்டு நினைக்காதீங்க. டிலுக்ஷனை நினைச்சன். அவனோட நானும் போயிருப்பன், அது எனக்கு விளங்குது. ஆனா உனக்கு வராது, உனக்கு வராது எண்டு பதினெட்டு வருஷமா எனக்கு நானே சொல்லிப் பழகிட்டன். ஒரு போன் கோலில அது போகாதும்மா."

செசீலியா அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றார். "ஓம்" என்றான்.

ஒன்றரை மாதங்களின் பின் படம் போனுக்கு வந்தது. ஒலியை முற்றாக நிறுத்தச் சொல்லிவிட்டு, மேர்லினின் போனைக் கண்ணருகே பிடித்து, அந்த இருபது விநாடிகளைச் செசீலியா ஏழெட்டு முறை பார்த்தார். ஒலியோடு பார்க்க இன்னும் துணியவில்லை. அவன் சொன்ன ஒரே வசனத்தை இன்றுவரை கேட்டதுமில்லை. பிறகு மகனை அழைத்தார்.

"பாத்தன். விழுற இடம் நல்லம். எழும்பி மற்றவனைத் தொடுறாய், அது அதைவிட நல்லம். அங்க உன்ட கண்ணைத்தான் பாத்தன். ஆனா நடந்து வரேக்குள்ள இடது தோள் மேல ஏறி நிக்குது. அது சரியில்ல. பட்டாளத்தான் அப்பிடி நடக்கமாட்டான்."

"இடது தோளா?"

"ஓம், இடது."

அவன் சொன்னான்: "தோள்பையின்ட வார் நீளம் காணாது. நான்தான் அளவு பிழைக்க வெட்டினன். அங்க ஒருத்தரும் கண்டுபிடிக்கல்ல." பின், "மெய்யாப் பாத்திரிக்கீங்க அம்மா" என்றான்.

அந்த வேடத்தில் இப்போது வேறொருவர் நடித்துக்கொண்டிருக்கிறார். அன்ரோ அவருக்கும் உடுப்புத் தைக்கிறான். வாரம் ஒருமுறை பேசிய தாயும் மகனும் இப்போது மூன்று முறை பேசுகின்றனர். பெரும்பாலும் துணியைப் பற்றியும் நூலைப் பற்றியும். அந்தத் தவக்காலத்தைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

உள்ளத்தின் மறைவுகளை அறிந்தும் மனிதரை வெறாத இறைவன், தன்னாமுனையிலுள்ள அவ்வீட்டின்மேல் தம் முகவொளியை வீசுவாராக. அன்பினாற் சொன்ன பொய்யையும் அச்சத்தினாற் சொல்லாது விட்ட மெய்யையும் அவர் தம் இரக்கத்தில் ஏற்பாராக. மேர்லினுக்கு நல்வாழ்வும், கடல் கடந்த அறையில் தனித்துறங்கும் அன்ரோவுக்குத் தன்மேல் நம்பிக்கையும் அருள்வாராக. செசீலியாவின் கண்ணொளி குன்றாதிருக்கட்டும். அவர் வாசலுக்கு மகன் ஒருநாள் பகல் வெளிச்சத்தில் நடந்து வரட்டும். அக்குடி தலைமுறை தோறும் அச்சமின்றித் தழைக்கட்டும்.